ஆசிரியருக்கு ஆசிரியரே துணை: கணினியும் இணையமும் எங்கே உதவும்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பயிற்சி பெறுவதற்கும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து பணியாற்றுவதற்கும் கணினி, கைத்தொலைபேசி, இணையம் ஆகியவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் இந்த அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஆசிரியருக்கே பாடம் நடத்த வந்துவிட்டாரே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைப்பது என் தொழில். சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையில் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைத்தான் தொடர்புத்துறைப் பட்டயக் கல்வியில் படித்தேன். அந்தக் கோணத்திலிருந்தே இந்த விஷயத்தைப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு பாடம் மாணவர்களுக்குப் புரியாமல் போய்விட்டால், அந்த ஆசிரியர் யாரிடம் போய்க் கேட்பார்?

பெரிய பள்ளியாக இருந்தால் இதற்கு விடை எளிது. அதே பாடத்தை அதே ஆண்டுக்குப் போதிக்கும் மூன்று, நான்கு ஆசிரியர்கள் ஆசிரியர் அறையில் இருப்பார்கள். ஓய்வு நேரத்தில் தேநீர் குடித்துக்கொண்டே, "நேற்று இந்தப் பாடத்தை எப்படி நடத்தினீர்கள்?" என்று கேட்டுவிடலாம். எந்தப் பயிற்சிப் பட்டறையும் தராத பயிற்சி அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

நமது நிலைமை வேறு. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள். மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர வைத்துப் போதிக்கிறார்கள். அங்கே கணிதத்துக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்று இருந்தாலே பெரிது. அந்த ஆசிரியர் சந்தேகம் கேட்க வேண்டுமானால் அடுத்த தோட்டத்துக்கோ அடுத்த பட்டணத்துக்கோ போக வேண்டும். பக்கத்தில் தேசியப் பள்ளி இருக்கலாம். ஆனால் கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் நடத்துகிறவருக்கு, 'தொகுதி எண்', 'பகுதி எண்' என்று பேசக்கூடிய சக ஆசிரியர் தேவை.

அந்த ஆசிரியரின் தனிமை அவரோடு முடிந்துவிடுவதில்லை. சிறிய பள்ளியில் பிள்ளைக்குப் படிப்பு சரியாக வராது என்ற எண்ணம் பெற்றோருக்கு வந்துவிட்டால், பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மாணவர் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. ஆகவே, அந்த ஆசிரியருக்குத் துணை கிடைக்கச் செய்வது பள்ளியையும் காப்பாற்றும் வேலைதான்.

கருவிகள் வந்தன, திசை மாறவில்லை

நமது நாட்டில் கல்விக்குத் தொழில்நுட்பம் வந்தது நேற்று இன்று அல்ல. கல்வித் தொலைக்காட்சி 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கியது. 1999ஆம் ஆண்டு விவேகப் பள்ளித் திட்டம் முன்னோடிப் பள்ளிகளில் அறிமுகமானது. மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கு அதில் கணினிப் பாடப்பொருள்கள் உருவாக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கியபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் திரையில் படம் காட்டும் ஒளிவீச்சுக் கருவிகளும் குறுந்தட்டுகளும் வழங்கப்பட்டன.

அதன் பிறகு ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியும், 'ஃபுரோக்' என்னும் இணையவழிக் கற்றல் தளமும் கொடுப்பது அதன் நோக்கம். ஆனால் 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அந்தத் தளத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் பயன்படுத்திய அளவு 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரைதான் என்று சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்தத் தளத்துக்குப் பதிலாக 'கூகல் கிளாஸ்ரூம்' வந்தது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் கல்வியமைச்சு 'டெலிமா' தளத்தைத் தொடக்கி வைத்தது. கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களின் கருவிகளையும் ஒரே கணக்கின்வழி பயன்படுத்த அது வழி செய்தது.

இத்தனை கருவிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. செய்தி போகும் திசை பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே இருந்திருக்கிறது. தொலைக்காட்சி பேசும், மாணவர் கேட்பார். குறுந்தட்டு ஓடும், ஆசிரியர் பார்ப்பார்.

பயிற்சிகளும் அப்படித்தான். புதிய கலைத்திட்டம் வரும்போது மாநிலத்துக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து முதன்மைப் பயிற்றுநர்களாக்குவார்கள். அவர்கள் மாவட்டத்தில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பள்ளியில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். மூன்று நாள் பயிற்சி ஒரு நாளாகி, கடைசியில் ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேர விளக்கமாகிவிடுகிறது. ஒரு குடம் தண்ணீரைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோனால் கடைசி வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும்? அந்தக் கடைசி வீடு பெரும்பாலும் தோட்டப்புறப் பள்ளியாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு கல்வியாளர்கள் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்தார்கள். விளக்கம் கொடுத்தால் ஆசிரியருக்குப் புரியும். செய்து காட்டினால் இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் புரிந்தது வகுப்பறைக்குள் போய்ச் சேர வேண்டுமானால், சக ஆசிரியர் ஒருவர் கூட இருந்து பார்த்து, பேசி, மீண்டும் செய்ய உதவ வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நாங்கள் தொடர்புத்துறையில் 'பின்னூட்டம்' என்று சொல்லுவது இதைத்தான். கேட்டவர் திருப்பிச் சொல்ல வழியில்லாத இடத்தில் அறிவிப்பு உண்டு, தொடர்பு இல்லை.

எழுத்துருவும் ஒரு காரணம்

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1990ஆம் ஆண்டுகளிலும் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் ஒரு கணினியில் தட்டெழுதிய தமிழ்க் கேள்வித்தாளை இன்னொரு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். காரணம், ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்திருந்தது. ஒன்றில் 'க'வுக்கு உரிய எண், இன்னொன்றில் வேறு எழுத்தைக் காட்டும். அதனால் தமிழாசிரியர்கள் கோப்பை அனுப்புவதற்குப் பதிலாகத் தாளை அச்சிட்டு நகல் எடுத்துக் கொடுத்தார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உழைத்தவர்களில் நமது நாட்டவருக்கும் பங்குண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உத்தமம் அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஒரே தரமான யூனிக்கோடு பரவலான பிறகு, எந்தக் கைத்தொலைபேசியில் எழுதினாலும் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. ஒரே ஆவணத்தில் நான்கு ஆசிரியர்கள் நான்கு ஊர்களிலிருந்து தமிழில் எழுதலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் வாய்க்காத வசதி இது. இதை நாம் முழுமையாகப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி.

ஒரு பாடத்தை நான்கு பேர் தயாரித்தால்

ஜப்பானில் 'பாட ஆய்வு' என்றொரு வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து மாணவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று கவனிப்பார்கள். பிறகு பேசித் திருத்துவார்கள். மலேசியக் கல்வியமைச்சும் இந்த முறையை ஆசிரியர்களிடையே ஊக்குவித்து வந்துள்ளது. ஆனால் ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் மட்டுமே இருக்கும் பள்ளியில் இதை யாரோடு செய்வது? இங்கேதான் இணையம் உண்மையாகப் பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். நான்கு சிறிய பள்ளிகளில் கணிதம் போதிக்கும் நான்கு பேர் சேர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்ட பாடம் பின்னங்களைக் கூட்டுவது. அரையையும் காலையும் கூட்டச் சொன்னால், மாணவர்கள் பலர் மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ள எண்களைத் தனியாகவும் கூட்டி, 2/6 என்று எழுதிவிடுவார்கள். இது கணித ஆசிரியர் எல்லாருக்கும் தெரிந்த தவறு.

முதல் வாரம், நால்வரும் இணையத்தில் ஒரே ஆவணத்தைத் திறந்து பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் எழுதுவது மற்றவர்களுக்கு உடனே தெரியும். யாராவது தவறாக அழித்துவிட்டாலும் பழைய வடிவத்தை மீட்டுக்கொள்ளலாம். இரண்டாம் வாரம், ஒருவர் தம் வகுப்பில் பாடத்தை நடத்தி, அதில் பத்து நிமிடத்தைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறார். மற்ற மூவரும் தங்களுக்கு வசதியான நேரத்தில் அதைப் பார்த்து, எந்த நிமிடத்தில் மாணவர்கள் குழம்பினார்கள் என்று குறிக்கிறார்கள். அப்போது ஒருவர், "விடை தவறு என்று சொல்லுவதற்கு முன், அரை ரொட்டி சானாயோடு கால் ரொட்டி சானாயைச் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள்" என்று எழுதுகிறார். 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு, அரையைவிடச் சிறியது. தவறை மாணவரே கண்டுபிடித்துவிடுவார். மூன்றாம் வாரம், இரண்டாமவர் அந்தக் கேள்வியைச் சேர்த்துத் தம் வகுப்பில் பாடத்தை நடத்துகிறார்.

கருவி இங்கே என்ன செய்தது? ஓர் ஆவணம், ஒரு பதிவு, சில குறிப்புகள். அவ்வளவுதான். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நான்கு பேரும் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்தார்கள் என்பதே பயிற்சி.

உங்கள் நான்காம் நிலையும் என் நான்காம் நிலையும்

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 2021ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதன் பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடிவிட்டது. மாணவரின் அடைவை 1 முதல் 6 வரையிலான நிலைகளில் ஆசிரியரே முடிவு செய்கிறார். ஓர் ஆசிரியர் நான்காம் நிலை கொடுத்த கட்டுரைக்கு இன்னோர் ஆசிரியர் மூன்றாம் நிலை கொடுக்கலாம். பெரிய பள்ளியில் ஆசிரியர்கள் தாள்களை மாற்றிப் பார்த்து அளவுகோலைச் சரிப்படுத்திக்கொள்வார்கள். தனியாக இருக்கும் ஆசிரியர் தம் அளவுகோலை எதனோடு ஒப்பிடுவது?

செய்ய வேண்டியது எளிது. மாணவர் பெயரை மறைத்து, ஐந்து கட்டுரைகளைப் படம் பிடித்து, சக ஆசிரியர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவர் கொடுத்த நிலையைப் பார்க்காமல் தனித்தனியே நிலை குறிக்க வேண்டும். பிறகு ஒருநாள் மாலை அரை மணி நேரம் காணொளிவழி கூடி, வேறுபட்ட இடங்களை மட்டும் பேச வேண்டும். "இந்த மாணவர் கருத்தை விரித்து எழுதியிருக்கிறார், வாக்கியங்களைத்தான் இணைக்கவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அடுத்தவர் கேட்டுக்கொள்வது மதிப்பீட்டுப் பயிற்சி. எந்தப் பள்ளியில் படித்தாலும் நம் பிள்ளைக்கு ஒரே அளவுகோல் என்ற நியாயமும் அதில்தான் கிடைக்கிறது.

அண்டை நாட்டில்

சிங்கப்பூரில் தமிழாசிரியர்களின் நிலையும் ஓரளவு இதே போன்றது. அங்கே ஒரு பள்ளியில் தமிழாசிரியர்கள் எண்ணிக்கையில் குறைவு. தமிழ் கற்பிக்கப்படாத உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்கள் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்கு வந்து படிக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் பயன்பாட்டுக்கு வந்த மாணவர் கற்றல் தளத்தில் அமைச்சு தயாரித்த பாடங்கள் இருக்கின்றன. அவற்றோடு, ஆசிரியர்கள் தாங்களே பாடங்களை உருவாக்கவும், அவற்றை மற்றப் பள்ளி ஆசிரியர்களோடு பகிரவும் வழியுண்டு. ஒருவர் செய்த பாடத்தை இன்னொருவர் எடுத்துத் தம் மாணவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மேலிருந்து வரும் பாடத்துக்குப் பக்கத்திலேயே ஆசிரியரின் பாடத்துக்கும் இடம் கொடுத்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தடைகளும் உண்டு

எல்லாம் சுலபம் என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நமக்குப் பாடம் கிடைத்தது. அந்த ஆண்டு கல்வியமைச்சு ஏறக்குறைய ஒன்பது இலட்சம் மாணவர்களைப் பற்றித் திரட்டிய விவரத்தில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மாணவர்கள் கைக்கு எட்டாத கருவியை நம்பிப் பாடத்திட்டம் போட முடியாது. ஆனால் நான் பேசுவது ஆசிரியர்களுக்கிடையிலான வேலை. அதற்கு ஆசிரியரின் கைத்தொலைபேசியே போதும். இணைய வேகம் குறைந்த இடத்தில் காணொளிக்குப் பதிலாகப் படமும் குரல்பதிவும் அனுப்பலாம்.

இரண்டாவது தடை நேரம். இன்று ஆசிரியர்களின் கைத்தொலைபேசியில் புலனக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக் குழு, பாடக் குழு, மாவட்டக் குழு, பெற்றோர் குழு என்று நிரம்பி வழிகிறது. இரவு பதினொரு மணிக்கு, "நாளைக் காலைக்குள் இந்தப் பாரத்தை நிரப்பி அனுப்பவும்" என்று செய்தி வரும். இதையெல்லாம் ஒத்துழைப்பு என்று சொல்ல முடியாது. ஒலிபெருக்கியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதுதான் மிச்சம். பாடம் பேசும் குழுவில் சுற்றறிக்கை வரக்கூடாது. பள்ளி நேரத்துக்குப் பிறகு பதில் எதிர்பார்க்கக்கூடாது. இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டாலே போதும். அனுப்பிய பொருள்களும் புலனத்தில் ஒரு வாரத்தில் மேலே ஓடி மறைந்துவிடும். அவற்றை ஆண்டு, பாடம், தலைப்பு என்று பெயரிட்டு, டெலிமா கணக்கில் உள்ள பொதுக் கோப்பறையில் வைத்தால் அடுத்த ஆண்டு வருகிறவருக்கும் உதவும்.

மூன்றாவது, மாணவர்களின் பாதுகாப்பு. பதிவு செய்யும்போது கேமராவைக் கரும்பலகையின் மீதும் மாணவர் எழுதும் தாளின் மீதும் திருப்புங்கள். முகங்களின் மீது வேண்டாம். பதிவை நால்வர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். பள்ளி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் தொழிலில் ஒரு காட்சி வெளியே போய்விட்டால் திரும்ப அழைக்க முடியாது. வகுப்பறைக் காட்சிக்கும் அதுவே பொருந்தும்.

நான்காவது, இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். கேட்ட மாத்திரத்தில் கேள்வித்தாளும் பாடத்திட்டமும் எழுதித் தந்துவிடுகின்றன. ஆனால் தமிழில் சந்திப் பிழையும் வரும். நம் பாடநூலில் இல்லாத கலைச்சொல்லும் வரும். அதைப் பிடிக்க இன்னொரு தமிழாசிரியரின் கண் வேண்டும். இயந்திரம் வேகமாக எழுதத் தொடங்கிவிட்டதால், சேர்ந்து சரிபார்க்கும் தேவை முன்பைவிட இப்போது கூடியிருக்கிறது.

கடைசியாக ஒரு தடை மனத்தில் இருக்கிறது. தம் வகுப்பைப் பிறர் பார்ப்பதற்கு ஆசிரியர்கள் கூச்சப்படுகிறார்கள். வகுப்புக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தாலே புள்ளி போட வந்திருக்கிறார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே, ஆசிரியர்கள் கூடிச் செய்யும் பாடப் பதிவுகளை ஆண்டு மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று தலைமையாசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த உறுதி கிடைத்தால்தான் ஓர் ஆசிரியர், "எனக்கு இந்தப் பாடம் சரியாக வரவில்லை" என்று சக ஆசிரியரிடம் மனம் திறப்பார்.

யார் என்ன செய்யலாம்?

தலைமையாசிரியர்கள், பக்கத்தில் உள்ள இரண்டு, மூன்று தமிழ்ப்பள்ளிகளோடு பேசி, வாரத்தில் ஒரு பாடவேளையை எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் ஒழித்துக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் நாற்பது பேரைச் சேர்க்க வேண்டாம். நான்கு பேரோடு, ஒரே ஒரு பாடத்தோடு தொடங்கலாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இந்தக் குழுக்களில் சேரலாம். முப்பது ஆண்டு அனுபவம் வீட்டில் சும்மா இருக்க, புதிய ஆசிரியர் தோட்டப்பள்ளியில் தனியே திண்டாட வேண்டியதில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிதி திரட்டிக் கணினி வாங்கிக் கொடுக்கிறீர்கள். திறப்பு விழாவும் நடத்துகிறீர்கள். பாராட்டுகிறேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பள்ளி ஆசிரியர் இந்த ஆண்டு எத்தனை பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரித்தார், அதற்கு நேரம் ஒதுக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். பள்ளி சிறியதாக இருக்கலாம். அதில் போதிக்கும் ஆசிரியர் தனியாக இருக்கத் தேவையில்லை.